சுவிட்ச் பொய் சொல்லக் கூடாது: கம்பம் பள்ளத்தாக்கின் ஒயர்மேன்களுக்கு ஒரு திறந்த மடல்

தேனி, ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வட்டாரங்களில் ஒயரிங் வேலை செய்யும் தம்பிமாருக்கும், ஐடிஐ முடித்து இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கைமாருக்கும்,



ஃபேன் மாட்டவோ டியூப் லைட் மாற்றவோ ஒரு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். வேலை முடிந்து ஏணியை மடக்கும் நேரத்தில் வீட்டுக்கார அம்மா சொல்வார்: "தம்பி, அப்படியே அந்த ஃபிரிட்ஜ் பாயின்ட்டையும் டைரக்ட் பண்ணிவிட்டுப் போங்க. பேரப்பிள்ளை வாரப்பெல்லாம் சுவிட்சை அமுக்கிவிட்டுப் போயிருது. நேத்து மாவு பூராவும் புளிச்சுப்போச்சு." நீங்களும் பெட்டியைத் திறந்து, சுவிட்சின் மேல் முனைக்கு வரும் ஃபேஸிலிருந்து ஒரு லூப் எடுத்து நேராக சாக்கெட்டில் கொடுத்துவிட்டு, மூடியை மாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். சில நிமிட வேலை. பலபேர் அதற்குத் தனியாகக் கூலிகூட வாங்குவதில்லை.

அந்தச் சில நிமிட வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்த ஒருவனின் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் கரண்ட் இருக்கிற பாயின்ட் வேண்டும் என்று மக்கள் கேட்பதில் தப்பில்லை. அதை நாம் செய்து கொடுக்கிற விதம்தான் தப்பு. சுவிட்சை அதே இடத்தில் விட்டுவிட்டு அதன் வேலையை மட்டும் பிடுங்குகிறோமே, அதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

முதலில், கேட்பவர்கள் பக்கத்து நியாயம். நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளின் ஒயரிங் இரண்டு லைட், ஒரு ஃபேன், ஹாலில் ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் என்று கணக்குப் போட்டுச் செய்தது. 2006-இல் வந்த ஆட்சி வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்றானது. சாமான்கள் வந்த வேகத்துக்குப் பாயின்ட்டுகள் வரவில்லை. ஒரே பெட்டியில் ஃபிரிட்ஜ், மிக்சி, செல்போன் சார்ஜர், வைஃபை எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அவசரத்தில் ஒன்றை அணைக்கப் போய் இன்னொன்றை அணைத்துவிடுவது அன்றாடம் நடக்கிறது.

அணைந்துவிட்டால் இழப்பு மாவோடு போவதில்லை. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இன்னும் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். யாரும் கவனிக்காமல் ஃபிரிட்ஜ் நாள்கணக்கில் அணைந்து கிடந்தால் அந்த மருந்தை நம்ப முடியாது. கொரோனாவுக்குப் பிறகு சில வீடுகளில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. போடியில் ஏலக்காய் வாங்கி வைக்கும் கடைகளில் சிசிடிவி பெட்டி விடிய விடிய ஓட வேண்டும். ஆகவே "அணையாத பாயின்ட்" என்பது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. நாம் மரியாதையோடு எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

இனி டைரக்ட் கொடுத்த பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை. சாக்கெட் இருக்கிறது, பக்கத்தில் சுவிட்ச் இருக்கிறது. அமுக்கினால் 'டக்' என்று சத்தமும் வருகிறது. ஆனால் அந்த சாக்கெட்டின் வலது துளையில் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டுகிறது, கரண்ட் போகவில்லை. அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும். மருமகளுக்குத் தெரியாது. நாளைக்கு வாடகைக்கு வருபவருக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதே பெட்டியைத் திறக்கப்போகும் இன்னொரு ஒயர்மேனுக்கும் தெரியாது.

நம் ஊர் லைன்மேன்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது. ஏபி சுவிட்சை இறக்கி, மூன்று கத்தியும் விலகி நிற்பதைக் கண்ணால் பார்த்து, டிஸ்சார்ஜ் ராடு மாட்டிய பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்தச் சட்டத்தை மீறிய இடங்களில்தான் உயிர் போயிருக்கிறது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எல்.சி. கொடுக்க யாரும் இல்லை. அவளுக்கு அந்தச் சிறிய சுவிட்ச்தான் எல்.சி. அதை அணைத்துவிட்டுத்தான் மிக்சி பிளக்கைப் பிடுங்குகிறாள், ஈரத்துணியால் பெட்டியைத் துடைக்கிறாள், பிள்ளை சாக்கெட் பக்கம் போனாலும் பதறாமல் இருக்கிறாள். டைரக்ட் கொடுத்த பாயின்ட் அவள் கையில் பொய்யான எல்.சி.யைத் திணிக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் இது இன்னும் கனமான விஷயம். விடிவதற்கு முன்பே கூடலூரிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் இருந்து ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பெரும்பாலும் பெண்கள். அவர்கள் திரும்புகிற வரை வீட்டில் இருப்பது அப்பத்தாவும் சின்னப் பிள்ளைகளும்தான். சாக்கெட்டில் ஊக்கையோ கம்பியையோ விட்டுப் பார்க்கும் வயதுப் பிள்ளை. தீப்பொறி வந்தால் மெயின் எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியாத கிழவி. அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு "சுவிட்சை அணை" என்பது. அதையும் நாம் எடுத்துவிட்டால் அந்த வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது?

"எம்சிபி இருக்கே அண்ணே, அது பார்த்துக்காதா?" என்று கேட்பீர்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றுவதற்கு வைத்தது, ஆளைக் காப்பாற்றுவதற்கு அல்ல. ஈரக் கையோடு ஒருவர் ஃபேஸைத் தொட்டு, வெறுங்காலோடு தரையில் நின்றால், உடம்பு வழியே ஓடுவது சுமார் 200 மில்லி ஆம்பியர் இருக்கலாம். இதயத்தை நிறுத்த அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கணக்கிலேயே வராது, அசையாமல் நிற்கும். பழைய வீடுகளில் இன்னும் கிட்கேட் ஃபியூஸ்தான். அதிலும் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து வந்த பையன்கள் இன்னொன்று சொல்வார்கள்: "அங்கெல்லாம் சாக்கெட்டுக்கு சுவிட்சே இல்லையே." உண்மைதான். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது. அமெரிக்காவில் சில வீடுகளில் விளக்குக்காக வாசல் பக்கச் சுவிட்சோடு சாக்கெட்டின் ஒரு பாதியைச் சேர்த்திருப்பார்கள். அதை எப்போதும் ஆன் ஆக மாற்றிக்கொள்வது அங்கே சாதாரண வேலை. ஆனால் அங்கே சுவிட்ச் இல்லாத இடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். சமையலறை, குளியலறை சாக்கெட்டுகளில் சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும் கருவி உண்டு. வீட்டு சாக்கெட்டுகளுக்குக் குழந்தைகள் கம்பி விட முடியாத ஷட்டர் வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் அவர்களது மின்சட்டம் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் புது ஒயரிங்கின் சாக்கெட்டுகள் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டும் ஆர்சிசிபிக்குள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சுவிட்ச் இல்லை என்பது அங்கே பார்த்தாலே தெரியும். இருக்கிற சுவிட்சைச் செத்த சுவிட்சாக விட்டுவைத்து ஏமாற்றும் முறை இல்லை அது.

நம் நாட்டில் வழி வேறு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச், அதுவும் ஃபேஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டு ஒயரிங்குக்கான ஐஎஸ் 732 சொல்லும் முறை. மின் கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எர்த்தே சரியாக இல்லாத வீடுகள் நிறைந்த ஊரில், சுவிட்சையும் பறித்துவிட்டு வெளிநாட்டைக் காட்டுவது நியாயமாகாது.

இன்வெர்ட்டர் விஷயத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். 2012 வாக்கில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்த காலத்தில்தான் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அப்போது அவசர அவசரமாக இழுத்த ஒயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பல வீடுகளில் ஒரே பெட்டிக்குள் ஈபி ஃபேஸ் ஒன்று, இன்வெர்ட்டர் ஃபேஸ் ஒன்று. மெயினை இறக்கினாலும் பெட்டிக்குள் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். அதில் ஒரு சாக்கெட் டைரக்டாகவும் இருந்துவிட்டால், "கரண்ட் போச்சு, இப்ப தொடலாம்" என்று நினைப்பவர் கை வைப்பது நேராக இன்வெர்ட்டரில். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுக்காரர் கையாக இருக்காது. வேலைக்குப் போகும் உங்களில் ஒருவர் கையாகத்தான் இருக்கும். ஆகவே இதை உங்கள் உயிருக்காகவும் கேட்கிறேன். எந்தப் பெட்டியைத் திறந்தாலும், உயிருள்ள இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு முனையிலும் வையுங்கள். பிறகு மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டரும் செத்த சுவிட்சும் சேர்ந்தால் காப்பாற்ற யாரும் இல்லை.

சரி, அந்த அம்மாவுக்கு என்னதான் செய்து கொடுப்பது? எளிதிலிருந்து தொடங்குகிறேன்.

பிரச்சினை சின்னப் பிள்ளை அமுக்குவது மட்டும் என்றால், ஒயரைத் தொடவே வேண்டாம். சுவிட்ச் மேல் மூடும் பிளாஸ்டிக் கவர் கடையில் கிடைக்கிறது. இல்லையென்றால் சுவிட்சையும் சாக்கெட்டையும் தனிப் பெட்டியாக்கி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டுங்கள். எரிகிறதா என்று தெரிய ஒரு இண்டிகேட்டர் வையுங்கள். யாராவது அணைத்துவிட்டால் சமையலறையில் நுழைந்தவுடன் கண்ணில் படும். பாதி வீடுகளுக்கு இதுவே போதும்.

அந்த பாயின்ட் எந்தக் காரணத்தாலும் அணையக் கூடாது என்றால், அதற்கு மெயின் பெட்டியிலிருந்து தனி சர்க்யூட் இழுங்கள். தனி எம்சிபி, ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனித்தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர். ஷட்டர் உள்ள நல்ல சாக்கெட். பழைய 1/18 ஒயரில் லூப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். இங்கே மட்டும் சுவிட்சின் வேலையை எம்சிபி செய்யும். ஆனால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பழைய சுவிட்சை மட்டும் விட்டுவைக்காதீர்கள். அதைக் கழற்றி எடுத்துவிட்டு டம்மி பிளேட்டால் மூடுங்கள். அதன் மேல் அழியாத மையால் தமிழில் எழுதுங்கள்: "சுவிட்ச் இல்லை. அணைக்க, மெயின் பெட்டியில் 'ஃபிரிட்ஜ்' என்று எழுதியதை இறக்கவும்." மெயின் பெட்டியில் அந்த எம்சிபிக்குக் கீழேயும் "ஃபிரிட்ஜ்" என்று எழுதுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவரையும் வளர்ந்த பிள்ளையையும் கூப்பிட்டு ஒரு தடவை இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். அவர்கள் கை அந்த இடத்துக்குப் பழக வேண்டும்.

ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அது நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆவதற்குள் வெட்டிவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் மின்கசிவுப் பாதுகாப்பைக் கேட்கின்றன. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி இருந்தால், குளியலறை ஹீட்டரில் கசிந்தாலும் ஃபிரிட்ஜ் சேர்ந்து அணையும். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தால் இன்சுலின் போச்சு. அதனால்தான் சிலர் ஆர்சிசிபியையே கழற்றி எறியச் சொல்கிறார்கள். கழற்றாதீர்கள். ஃபிரிட்ஜ் சர்க்யூட்டை அந்த ஆர்சிசிபிக்குள் விடாமல், அதற்கு மட்டும் தனி ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்தது) போட்டுவிடுங்கள். அதன் நியூட்ரலை மற்ற நியூட்ரல்களோடு கலக்காமல் தனியாகக் கொண்டுவாருங்கள். இன்வெர்ட்டர் வீடுகளில் ஆர்சிசிபி சும்மா சும்மா விழுவதற்கு முதல் காரணம் கலந்துபோன நியூட்ரல்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒருவர் மாட்டிக்கொண்டால் ஆர்சிசிபிக்கு அது ஆளா லைட்டா என்று தெரியாது. அது இருக்கிறது என்ற தைரியத்தில் டைரக்ட் கொடுக்க முடியாது.

வைஃபைக்கும் சிசிடிவிக்கும் டைரக்ட் பாயின்ட் கேட்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் ஓடும்படி சின்ன டிசி யூபிஎஸ் வைத்துக் கொடுங்கள். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதான். ஆக்சிஜன் கருவி ஓடும் வீட்டில் தனி சர்க்யூட்டோடு, கருவியின் வாட்டைப் பார்த்து, அதைத் தாங்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். டைரக்ட் கொடுத்த பாயின்ட் கரண்ட் போனால் எல்லாப் பாயின்ட்டையும் போலச் செத்துத்தான் போகும். இதை அந்தக் குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்வது உங்கள் கடமை.

ஃபிரிட்ஜைக்கூட அணைக்க வழி ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஊர்க் காற்றும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் மலையிலிருந்து காற்றும் சாரலும் அடிக்கும்போது கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். நின்ற கம்ப்ரஸர் மறுபடி ஓடச் சில நிமிட ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமல் திரும்பத் திரும்பக் கிளப்பினால் காயில் போய்விடும். டிலே உள்ள ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில், அந்த நேரத்தில் அணைத்து வைக்க, கை எட்டும் சுவிட்சோ பெயர் எழுதிய எம்சிபியோ வேண்டும். ஐப்பசி இடியிலும் அப்படித்தான்: முதலில் அதை அணைத்து, பிறகு பிளக்கைப் பிடுங்கினால் பொறி இல்லை. டைரக்ட் சாக்கெட்டில் ஓடுகிற லோடோடு பிடுங்கினால் ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி பறந்து பிளக்கின் முனை கருகும். கருகிய முனை லூஸாகும், லூஸான இடம் சூடாகும். தீப்பிடிப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

கடைக்காரர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ராத்திரி ஷட்டரை இழுக்கும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஐஸ்கிரீம் பெட்டியும் பால் ஃபிரீசரும் ஓட வேண்டும் என்பதற்காக மெயினுக்கு முன்னாலேயே, மீட்டரிலிருந்து வரும் ஒயரில் டேப் அடித்து லைன் எடுக்கச் சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த ஒயருக்கு ஃபியூஸும் இல்லை, மெயினும் இல்லை. தீப்பிடித்தால் நிறுத்த லைன்மேன் வந்தாக வேண்டும். மெயினுக்குப் பின்னால் இரண்டு பிரிவாகப் பிரித்துக் கொடுங்கள்: ராத்திரி இறக்குகிற பிரிவு ஒன்று, ராத்திரியும் ஓடுகிற பிரிவு ஒன்று. கடைக்காரர் இறக்குவது முதல் பிரிவை. மெயின் அவசரத்துக்காகக் காத்திருக்கும்.

திராட்சைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் மோட்டார் ஆட்டோவில் கிடப்பது இதே கதைதான். மும்முனை கரண்ட் வந்தவுடன் தானே ஓடட்டும் என்று ஆட்டோ போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மோட்டார் நிற்கிறது என்று நம்பிக் கை வைப்பவர் மேல் திடீரென்று கரண்ட் வரும். மோட்டார் வேலைக்குப் போனால் ஆட்டோவை நிறுத்தி, மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிறகு ஸ்டார்ட்டரைத் திறங்கள். இதைத் தோட்டக்காரருக்கும் கற்றுக்கொடுங்கள்.

கூலியைப் பற்றியும் பேசிவிடுவோம். டைரக்ட் கொடுப்பது சில நிமிடம், தனி சர்க்யூட் இழுப்பது அரை நாள். "பக்கத்துத் தெருப் பையன் சும்மாவே செஞ்சு கொடுப்பான்" என்பார்கள். அந்தப் பையனும் உங்களில் ஒருவர்தான். அதனால்தான் இதைத் தனி ஆளுக்குச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஒருவர் மறுத்து இன்னொருவர் செய்தால் மறுத்தவர் வேலை இழப்பார், செத்த சுவிட்ச் சுவரில் ஏறிவிடும். எல்லோரும் மறுத்தால் ஒரு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும், டைரக்ட் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், சரியாகச் செய்தால்தான் செய்வார்கள் என்று. அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி கேட்பதில் வெட்கமில்லை. சாமான் செலவையும் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளாத தாய் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

ஆகவே மூன்றே மூன்று கேட்கிறேன். ஒன்று, இனி எந்த வீட்டிலும் செத்த சுவிட்சைச் சுவரில் விட்டுவைக்காதீர்கள். இரண்டு, முன்பு டைரக்ட் கொடுத்த வீடுகள் உங்களுக்கு நினைவிருக்கும். வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போகும்போது அந்த வீட்டுக்கும் போய், பழையபடி சுவிட்சுக்குள் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். மூன்று, வரும் ஆயுத பூஜைக்குக் கருவிகளை எடுத்துத் துடைத்து வைக்கும் முன், அவரவர் வீட்டுப் பெட்டிகளை முதலில் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் ஊர் எலக்ட்ரிக்கல் கடை வாசலில் கூடுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, டைரக்ட் வேலையை யாரும் எடுப்பதில்லை என்று ஒரே முடிவாக எடுங்கள். தேனியில் எடுத்தால் போடி பார்க்கும், போடியில் எடுத்தால் கம்பம் பார்க்கும்.

நாம் போய் வந்த வீட்டில் 'ஆஃப்' என்றால் ஆஃப்தான் என்று ஒரு அப்பத்தா நம்ப முடிய வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் கை உங்களுடையது.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன்